மெட்ராஸ் ஸ்டேட் நாய்

செங்கல்வராயா,

களி பானையில இருக்குது. தகரத் தட்டுல இருக்கிற சோறு நாய்க்கு, நீ துன்னாதே.

எல்லை பிரிச்சு திருத்தணி மெட்ராஸுக்கும் நம்ம ஊரு ஆந்திராவுக்கும்னு ஆனதும் எதிர்வீட்டுக்காரங்க நாயை இங்கயே விட்டுட்டு திருத்தணிக்குப் போய்ட்டாங்க. "அது மெட்ராஸ் ஸ்டேட் நாய்"னு நீ கோணியில கட்டி பஸ்ல ஏத்தி அனுப்பின. பாவம், கால் தேஞ்சு நடந்தே திரும்பி வந்துச்சு.

அதை வளர்க்கறதுக்கு வடமாலபேட்டை சந்திரம்மா இன்னிக்கு வராங்க. அவங்க கையால அது சோறு துன்ன அப்புறம்தான் கயித்தைக் குடுக்கணும். மறுபடி கோணியை எடுத்தியோ, என்னை அக்கான்னு கூப்பிடாதே.

நான் புத்தூர் போறேன். அங்க இன்னொரு நாயை விட்டுட்டுப் போயிருக்காங்களாம்.

தாட்சாயணி

இன்னொண்ணு: உன் குரல் கேட்டா அது இப்பவும் நொண்டிக்கினே வாலாட்டிக்கினு வருது. அதுக்கு மானமில்ல. எனக்கு இருக்குது.