காயாத முதல் தாள்

என்னங்க,

நான் சௌக்கியம். உங்கள் கால்வலி தேவலையா? பாப்பாவுக்கு இருமல் விட்டதா?

அச்சகத்தில் ஒரு சின்னக் கூத்து, பதறாதீர்கள். குழந்தைகளின் இருமல் மருந்துக்கு லேபிள் அடித்தோம். முதல் தாளைக் காயவிட்டுப் பார்த்துத்தான், மீதியை அடிக்கலாம் என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். ஈரத்திலேயே போட்டுவிட்டேன். மட்டமான தாள், காயக் காய மை கசிந்து, 3 மில்லி 8 மில்லியாகிவிட்டது.

"தாள் காயறதுக்குள்ள உனக்கென்னம்மா அவசரம்?" என்று ஃபோர்மேன் தலையில் அடித்துக்கொண்டார். லேபிள் ஏற்றிக் கிளம்பிய வண்டியை மறித்துக் கட்டுகளை இறக்கினோம். ஒரு கட்டு மட்டும் குறைகிறது. தேடுகிறார்கள்.

என் பூதக்கண்ணாடியை அனுப்புங்கள். பாப்பா கிறுக்கிய தாள் இருந்தால் அதிலேயே சுற்றுங்கள்.

மணி அடித்துவிட்டது. பாப்பாவுக்கு மருந்து ஊற்றுமுன் டாக்டரிடம் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பாட்டில் லேபிளுக்கும் என்னைப்போல் ஒருத்திதான் கையெழுத்துப் போட்டிருப்பாள்.

உங்கள்
அவசரக்குடுக்கை