சூடு தாங்கும் கை

மாப்ளே,

இன்று காலை தோசைக்கல்லில் ஆள்காட்டி விரலைச் சுட்டுக்கொண்டேன். உதறி, ஊதி, தண்ணீர்ச் செம்புக்குள் விட்டபோது உன் மேல்தான் கோபம் வந்தது. அதைவிட என் மேல்.

எண்பதுகளில் ராஜபாளையம் பாய் கடையில் நீ பரோட்டா போட்டாய். பக்கத்து அடுப்பில் நான் சால்னா வைத்தேன். கல்லிலிருந்து எடுத்த பரோட்டாக்களை அடுக்கி, ஆறுவதற்குள் இரண்டு கைகளாலும் அடித்து உதிர்க்க வேண்டும். வந்த புதிதில் நீயும் விரலை ஊதிக்கொண்டுதான் அடித்தாய். இரண்டே வருடத்தில் உன் வலது கை சூட்டுக்கு அஞ்சவில்லை. "கை பழுத்துருச்சுலே" என்று முதலாளி பாய் மெச்சினார். நம் தொழிலில் அதற்கு மேல் பட்டம் கிடையாது. கொப்புளம் உடைந்து நீர் வடிய வடிய நீ அடித்துக்கொண்டிருந்ததை நான் ஒருவன்தான் பார்த்தேன். பார்த்து என்ன கிழித்தேன்? அந்தக் கையின் பெருமையைச் சொல்லித்தான் என் தங்கையை உனக்குப் பேசி முடித்தேன்.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது, தொழுநோய் இருக்கிறதா என்று வீடு வீடாகப் பார்த்து வந்த சுகாதார ஊழியர் கடைக்கும் வந்தார். உன் முன்னங்கையில் இருந்த வெளிறிய தேமலைப் பார்த்ததும் உன்னை உட்காரச் சொல்லிவிட்டு, சோதிக்க வெந்நீர் பிடிக்கப் போனார். அந்தச் செத்த நேரத்தில் நீ என் காதோரம் சொன்னாய்: "மச்சான், அந்த எடத்துல எனக்கு ஒண்ணுமே தெரியாது. கல்யாணம் நின்னுரும்."

தங்கைக்கு ஏற்கெனவே ஒரு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிந்தது. உன் பின்னால் நின்று தோளில் கை வைத்தேன். என்ன படுகிறதென்று சொல்லச் சொல்லி அவர் உன்னைக் கண்ணை மூட வைத்தார். பேனா முனை பட்டால் உன் தோளில் நான் ஓர் அழுத்து. வெந்நீர்க் குப்பி என்றால் ஒன்று, பச்சைத் தண்ணீர்க் குப்பி என்றால் இரண்டு. ஒன்றுகூடத் தப்பவில்லை. சாதாரணத் தேமல் என்று எழுதிக்கொண்டு அவர் சேத்தூர் பஸ் ஏறினார். நாம் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் வாய் கசக்கிறது.

சில வருடங்களில் உன் விரல்கள் மடங்கின. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரி டாக்டர் பொறுமையாக விளக்கினார். சூட்டுக்கும் தொடுகைக்கும் வலிக்கும் தோலில் தனித்தனி நரம்பு நுனிகள் உண்டாம். இந்த நோயில் பெரும்பாலும் முதலில் போவது சூடும் குளிரும்தானாம். அப்போதே வந்திருந்தால் மாத்திரையிலேயே கை தப்பியிருக்கும் என்றார். "அப்பமே ஒருத்தரும் பாக்கலையாண்ணே?" என்று தங்கை கேட்டாள். இல்லை என்றேன். நீ தரையையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

மாத்திரை நோயை நிறுத்தியது. போன உணர்ச்சியைத் திருப்பித் தரவில்லை. பிறகொரு நாள், செருப்பைத் துளைத்துக் காலில் ஏறிய ஆணியோடு பகல் முழுக்க நடந்திருக்கிறாய். புண் புரையோடிக் காய்ச்சல் கண்டது.

கடைசி மத்தியானம் அதே ஆஸ்பத்திரியில் நீ கண்மூடிக் கிடந்தாய். உன் வலது கையை என் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நீ தங்கையிடம் கேட்டாய்: "மச்சான் இன்னும் வரலையா?"

"அண்ணன் உங்க கையத்தான் புடிச்சுக்கிட்டு இருக்கு."

"அப்படியா" என்றாய்.

தோளைத் தொட்டிருந்தால் தெரிந்திருக்கும், மாப்ளே. அங்கே கை வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. தங்கையிடம் உண்மையைச் சொல்லும் தைரியமும் இதுவரை வரவில்லை. போன வாரம்கூட எனக்குச் சோறு போட்டுக்கொண்டே அவள் சொன்னாள்: "நல்ல மனுசனாத்தான் பாத்துக் குடுத்தண்ணே."