தாண்டிப்போன இரண்டு பக்கங்கள்

வியாழன் காலை, 12-8-65

மேரி,

சாளை மீன் குழம்பு சட்டியில் இருக்கிறது. சோறு மட்டும் வடித்துக்கொள். சாயங்காலம் தனசீலன் மாமா குர்லாவிலிருந்து எனக்குப் பார்த்த மாப்பிள்ளையின் போட்டோவோடு வருவார். டீ கொடுத்து, நான் வர நேரமாகும் என்று சொல்லி அனுப்பிவிடு.

நூலகத்தில் கொடுக்க அந்த நாவலை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை உனக்கு வாசித்துக் காட்டியபோது, அதில் வரும் இரண்டு பெண்களும் ஒருத்திக்கொருத்தி மனசைச் சொல்லும் பக்கங்களைத் தாண்டிவிட்டேன். “கதை எங்கயோ குதிக்குதே” என்றாய். “கேக்கிறவ குறுக்க பேசக்கூடாது” என்று வகுப்பில் அதட்டுவதுபோல அதட்டினேன். அன்றிலிருந்து நீ முகம் கொடுத்துப் பேசவில்லை.

இன்று பார்த்தால் அதே பக்கத்தில் உன் பஸ் டிக்கெட், வரிக்கு வரி பென்சில் புள்ளி. தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும் என்கிற பம்பாய்க்காரி நீ, வாசித்து முடித்துவிட்டாய். நாற்பது பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிற எனக்குத்தான் அந்த இரண்டு பக்கம் வாயில் வரவில்லை. நல்ல டீச்சர்.

புத்தகத்தைக் கொடுக்கவில்லை. உன் தலையணைக்கு அடியில் இருக்கிறது.

சேசம்மாள்

உன் குடையை எடுத்துப்போகிறேன். என்னுடையதை எங்கே விட்டேனோ.

மாமாவிடம் நேரமாகும் என்றெல்லாம் சொல்லாதே, உட்கார வை. வேண்டாமென்று நானே வந்து சொல்கிறேன். அவர் போனதும் அந்த இரண்டு பக்கத்தையும் உனக்கு வாசிக்கிறேன். குரல் நடுங்கினால் சிரிக்காதே.