சுளுக்குக் கடையில் ‘மீண்டும் வருக’

மச்சான்,

கடைப் பலகைக்குப் புதுச் சாயம் பூச ஆள் வந்திருக்கிறான். அந்தப் பெயிண்டு வாடை மூக்கில் ஏறியதும் உங்கள் மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. செத்தவரோடு சண்டை போடக் கூடாது என்பார்கள். நான் போடுவேன். அக்கா புருஷனோடு போடாமல் வேறு யாரோடு போடுவது?

திருமயத்தில் பஸ் நிற்கிற இடத்தில் நான் சுளுக்குக் கடை வைத்த புதிதில் ஈயைத் தவிர எவரும் வரவில்லை. பஸ் கண்டக்டரான நீங்கள்தான் படியில் தொங்கிக்கொண்டு கத்துவீர்கள். “கோட்டை பாக்குறவங்க எறங்குங்க! இடுப்புப் பிடிச்சவங்களும் எறங்குங்க! எண்ணெயப் போட்டு ஒரு நீவு, எந்திரிச்சு ஓடலாம்!” பஸ்ஸே சிரிக்கும். ஒன்றிரண்டு பேர் இறங்குவார்கள்.

அதோடு விட்டீர்களா? பலகை ஒன்று எழுதிவந்து மாட்டினீர்கள். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்துக் கூட்டிக் கூட்டிக் கடைசி வரிக்கு வந்ததும் எனக்கே கழுத்துப் பிடித்துக்கொண்டது. ‘மீண்டும் வருக’.

வைத்தியம் பார்த்த இடத்தில் எவனாவது ‘போயிட்டு வாரேன்’ என்பானா? சொல்லாமல்தானே எழுந்து போவார்கள்? கழுத்து நேரான ஒரு ஆச்சி, மகள் அந்த வரியை வாசித்துக் காட்டியதும் வாசலிலேயே நின்றுவிட்டாள். “நல்லாகிப் போறவளத் திரும்ப வரச் சொல்றியே, நீ வெளங்குவியா?” மறுநாளிலிருந்து மறுபடியும் ஈதான்.

“அழிங்க மச்சான்.”

“காப்பிக் கடையில போட்டிருக்கான். கூட்டம் கொறையுதா?”

“காப்பிக் கடைக்குக் கழுத்துப் பிடிச்சவனா வாரான்?”

அழிக்கவில்லை நீங்கள். ஒவ்வொரு நடையும் பஸ் கிளம்பும்போது என் கடையைப் பார்த்து ஊர் கேட்கக் கூவினீர்கள். “வாரேன் மாப்ளே!” பிறகு உள்ளே திரும்பி, “தெனம் சொல்றேன். எனக்கு ஒரு சுளுக்காச்சும் வந்துச்சா?” சனம் சிரித்தது. சிரிப்பில் பயம் போனது. கடை பிழைத்தது. என் வீட்டு உலை உங்கள் வாயால்தான் கொதித்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தச் சித்திரை வெயிலில் நெஞ்சைத் தடவிக்கொண்டு வந்து உட்கார்ந்தீர்களே! இடது கை இழுக்கிறது, லேசாக நீவு என்றீர்கள். தொட்டேன். வேர்வை ஜில்லென்றிருந்தது. “இது என் கைக்கு அடங்குற வலி இல்ல. புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போவோம், நானும் வாரேன்” என்று கும்பிட்டேன்.

“போடா. நானே ஆஸ்பத்திரி வாசல்ல நின்னா ஒன் கடைப் படிய எவன் மிதிப்பான்?”

விசில் ஊதினீர்கள். “வாரேன் மாப்ளே!” மீமிசலுக்குப் போன பஸ் உங்களைப் படுக்கவைத்துக் கொண்டுவந்தது.

யார் கேட்டது அந்த விளம்பரத்தை? கடை படுத்திருந்தால் மண்வெட்டி பிடித்திருப்பேன். அக்கா எதைப் பிடிப்பாள்?

இப்போது இடது கை வலி என்று எவன் வந்தாலும் எண்ணெயைத் தொட மாட்டேன். சட்டையைப் பிடித்து இழுத்துப்போய் பஸ்ஸில் ஏற்றுவேன். வைவார்கள். வையட்டும். இன்று பெயிண்டரிடமும் சொன்னேன்: “நெஞ்சு வலிக்காரங்க இங்க வராதீங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு மேல பெரிசா எழுது.”

“ஆளு வரத்தானண்ணே பலகை? வராதேன்னு எழுதச் சொல்றீங்க!”

“எழுதுடா.”

“அப்ப கடைசி வரிய அழிச்சிரவா?”

அதில் மட்டும் கை வைக்க விடவில்லை. அந்த வாசலில் ‘வாரேன்’ என்று சொன்ன ஒரே ஆள் நீங்கள்தான். சொன்ன சொல்லைக் காப்பாற்றாத மனுசன்! வாருங்கள் ஒருநாள். உங்கள் கழுத்தைத் திருப்ப என் கை இன்னும் அரிக்கிறது.