தேங்காய் வைத்துப் பார்த்த நடுவரைத் திரும்ப அழைக்கக் கோரி

அனுப்புநர்:
லத்தீஃபா,
க/பெ கிஃபாயத்துல்லா,
கோட்டைக்குப் பின்தெரு,
சதுரங்கப்பட்டினம்,
செங்கல்பட்டு மாவட்டம்.

பெறுநர்:
தனி அலுவலர் அவர்கள்,
பொழுதுபோக்குக் கைவினைப் போட்டிக் குழு,
செங்கல்பட்டு.

பொருள்: வயர் கூடைப் பிரிவின் நடுவர் திருமதி வைஷாலி நீக்கப்பட்டதை எதிர்த்தும், அவரை மீண்டும் நடுவராக்க வேண்டியும்.

பார்வை: என் பெயரில், ஆனால் நான் எழுதாமல், தங்களுக்கு வந்து சேர்ந்த புகார்.

மதிப்புக்குரிய ஐயா,

வணக்கம். புகார் மனு என்றால் யாரையாவது நீக்கச் சொல்லித்தான் வரும். இது நீக்கிய ஒருவரைத் திரும்பக் கூப்பிடச் சொல்லும் மனு. சற்று நீளம், பொறுத்து வாசிக்க வேண்டுகிறேன்.

1. நான் குடும்பத் தலைவி. என் கணவர் கடைத்தெருவில் செருப்புக் கடை வைத்திருக்கிறார். மகள் ஆஸ்மா கல்யாணமாகிப் போன பிறகு பகல்பொழுது நகராமல் கிடந்ததால் வயர் கூடை பின்னப் பழகினேன். ஏழெட்டு ஆண்டுகளாகப் பின்னுகிறேன். விற்பதில்லை. உறவில் கல்யாணம், புதுவீடு, பெருநாள் எதுவானாலும் என் கையால் ஒரு கூடை போய்விடும். வாங்கியவர்கள் எல்லோரும் “மாஷா அல்லாஹ்” என்று வாய் நிறையச் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

2. சென்ற ஆண்டு மாமல்லபுரத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் தாங்கள் நடத்திய போட்டிக்கு, நெல்லிக்காய் முடிச்சில் மயில்பச்சையும் வெள்ளையுமாக ஒரு கூடை பின்னிக் கொண்டுவந்தேன். நடுவர் வைஷாலி கூடுவாஞ்சேரிக்காரர். கணினி அலுவலகத்தில் பிழை கண்டுபிடிக்கும் வேலை என்று மேடையில் அறிமுகம் செய்தார்கள். வயதில் என் மகளைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். மற்ற நடுவர்கள் கூடைகளைப் பார்த்தபடியே நடந்துபோனார்கள். இவர் மட்டும் ஒரு பையில் தேங்காய் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொரு கூடையிலும் நான்கு தேங்காயை வைத்து, கையில் மாட்டிக்கொண்டு, சந்தைக்குப் போய்வருகிறவரைப் போல மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றினார்.

3. என் கூடை பாதிச் சுற்றுக்குமேல் தாங்கவில்லை. கைப்பிடி ஒரு பக்கம் கழன்று, தேங்காய்கள் மேடைப் பக்கம் உருண்டன. தலைமை விருந்தினர் காலைத் தூக்கிக்கொண்டார். மண்டபமே சிரித்தது. எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழவேண்டும் போலிருந்தது. பர்தா இருந்ததால் முகத்தைக் காப்பாற்றிக்கொண்டேன்.

4. பரிசளிப்பு முடிந்ததும் அவர் என்னைத் தேடி, செருப்பு விடும் இடம்வரை வந்தார். அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன், பேச்சுத்தமிழுக்கு மன்னிக்கவும். “ஆன்ட்டி, கலர் சேர்த்தது ரொம்ப நல்லாருக்கு, முடிச்சும் ஒரே அளவா வந்திருக்கு. ஆனா கைப்பிடி வயர மேலயே வெட்டிட்டு மெழுகுவத்தியில காட்டி ஒட்டிட்டீங்க. அத கூடைக்குள்ள அடிவரைக்கும் சொருகணும். கஷ்டம்தான், விரல் வலிக்கும். ஆனா அப்பத்தான் வெயிட் தாங்கும்.” சொல்லிவிட்டு, கழன்ற கைப்பிடியை என்னிடம் கொடுத்தார். கைப்பிடியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

5. வீட்டுக்கு வந்தும் நான் வாய் திறக்காததைக் கண்ட என் கணவர், கூட வந்திருந்த பக்கத்துவீட்டு ஜெனிட்டாவிடம் விசாரித்திருக்கிறார். “இன்னாத்துக்கு அத்தினி பேர் முன்னாடி தேங்காய வச்சி ஆட்டுனாங்க? எங்க வூட்டுப் பொம்பள இன்னா பரீட்சையா எழுதப் போச்சு?” என்று கொதித்தவர், எனக்குத் தெரியாமல் என் பெயரில், என் கைப்பேசி எண்ணைப் போட்டு, பொது இடத்தில் ஒரு பெண்மணியை இழிவுபடுத்தியதாகத் தங்களுக்குப் புகார் அனுப்பிவிட்டார். கெட்ட எண்ணத்தில் அல்ல. இத்தனை ஆண்டில் என்னை ஒரு சொல் சொல்லாத மனிதர்; பிறர் சொல்லியும் பொறுக்கமாட்டார்.

6. சில வாரங்களில் “தங்கள் புகாரின்மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது” என்று என் கைப்பேசிக்குச் செய்தி வந்தபோதுதான் எனக்கே விஷயம் தெரிந்தது. எங்கள் தெருவிளக்குக்கு நான் கொடுத்த மனு எங்கே தூங்குகிறதோ தெரியாது. கொடுக்காத மனுவுக்கு இந்த வேகம். வரும் போட்டியின் அழைப்பிதழிலும் பார்த்தேன். வைஷாலியின் பெயர் இல்லை. அடியில், “நடுவர்கள் பாராட்டுரை மட்டுமே வழங்குவர்” என்று அச்சிட்டிருக்கிறது.

7. இதற்கிடையே நடந்த ஒன்றைத் தாங்கள் அறிய வேண்டும். அச்சரப்பாக்கத்தில் இருக்கும் என் நாத்தனார் ஷஃபானா வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுக்குப் புதுவீட்டுக்கு நான் கொடுத்த கூடை கொல்லைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தது. உள்ளே துணி மாட்டும் கிளிப்புகள். கைப்பிடி இருந்த இடத்தில் கயிறு. என்ன ஆயிற்று என்று கேட்டேன். சிரித்து மழுப்பினாள். விடாமல் கேட்டபிறகு சொன்னாள் (எங்களில் அண்ணியை மச்சி என்போம்): “அது அப்பவே கழண்டுகிச்சு மச்சி. பஜார்ல முட்ட வாங்கிகினு வரச்சே நடுரோட்டுல வுழுந்து எல்லாம் போச்சு. நீ ஆசயா குடுத்தது, எப்படி சொல்றது?”

ஊருக்கு வந்ததும் இன்னும் சில வீடுகளுக்குப் போன் போட்டேன். ஒரு வீட்டில் பரணில் இருக்கிறது. ஒரு வீட்டில் வெங்காயம் போட்டுத் தரையில் வைத்திருக்கிறார்கள், தூக்குவதில்லை. யாரும் பொய்யர்கள் இல்லை, ஐயா. எல்லோரும் என்மேல் பிரியமுள்ளவர்கள். அந்தப் பிரியத்தில், நான் ஒரே தவற்றை ஏழெட்டு ஆண்டு பின்னிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். எனக்கு எந்த உறவும் இல்லாத அந்தப் பெண் ஒருத்திதான் சொன்னாள். அன்று எனக்கு வந்த அழுகை மண்டபத்தில் வந்த அழுகை அல்ல.

8. அன்றிலிருந்து கைப்பிடி வயரை அடிவரைக்கும் செருகிப் பின்னுகிறேன். விரல் வலிக்கத்தான் செய்கிறது. கொடுத்த கூடைகளை ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கிக் கைப்பிடி மாற்றித் தருகிறேன். ஷஃபானா இப்போது அதில் முட்டை வாங்குகிறாள்.

9. நியாயமாக, நடுவர்மீதும் எனக்கு ஒரு குறை உண்டு. கைப்பேசி எண்ணைத் தேடிப் பிடித்து அவரிடமே சொன்னேன். தேங்காய் வைத்துப் பார்க்கட்டும்; அதை மண்டபத்து நடுவில் செய்வானேன்? ஓர் ஓரமாக, பின்னியவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு பார்க்கலாமே. அதற்கு அவர், “கரெக்ட்தான் ஆன்ட்டி. ஆபீஸ்லயும் என்னைப் பத்தி இதேதான் சொல்றாங்க. மாத்திக்கிறேன்” என்றார். புகார் யார் பெயரில் வந்தது என்பது அவருக்குத் தெரிந்திருந்தும், அதைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. நானே சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

10. ஆகவே தங்களிடம் வேண்டுவது இவ்வளவே. வரும் போட்டியில் வயர் கூடைப் பிரிவுக்கு வைஷாலியையே நடுவராக்குங்கள். பாராட்டு மட்டும் என்ற வரியை எடுத்துவிடுங்கள்; பாராட்டு எங்களுக்கு வீட்டிலேயே தாராளமாகக் கிடைக்கிறது, அதற்குப் பஸ் ஏறி வரவேண்டியதில்லை. குறை சொல்வதை ஓரமாகச் சொல்ல ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போடச் சொல்லுங்கள். தேங்காய்களை நான் கொண்டுவருகிறேன்.

பரிசு கேட்டு இந்த மனுவை எழுதவில்லை. இந்த முறையும் கைப்பிடி கழன்றால், ஏன் கழன்றது என்று சொல்ல அங்கே ஒருவர் இருக்கவேண்டும். தாங்கள் மனது வைத்தால் நடக்கும். நானும் என்னைப் போலப் பின்னுகிறவர்களும் என்றும் நன்றியோடிருப்போம்.

இடம்: சதுரங்கப்பட்டினம்
நாள்: 12.01.2026

இப்படிக்கு,
லத்தீஃபா

இணைப்பு: சென்ற ஆண்டு கழன்ற கைப்பிடி ஒன்று. பார்வையிட்ட பின் திருப்பி அனுப்பவும்.

மேற்படி புகாரை அனுப்பியவன் நான்தான். அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இந்த ஆண்டுக் கூடையைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றேன். தூக்கிப் பார்க்காமல் சொல்லாதீர்கள் என்று என் மனைவி கடைவரைக்கும் சுமக்கவிட்டார். உள்ளே எட்டுத் தேங்காய். கை வலிக்கிறது, கைப்பிடிக்கு ஒன்றும் ஆகவில்லை.

கிஃபாயத்துல்லா