ராசாத்தி கைக்குப் போன சம்பளம்

ஜூலை 3, சனி
பேய்க்காற்று. டிஸ்பென்சரிக் கூரைத் தகரம் இரவெல்லாம் தடதட. தூக்கமில்லை. இன்று லயத்துத் தொழிலாளர் பிள்ளைகளை நிறுக்கும் நாள்.

ராசாத்தியின் பிள்ளை செல்வி, பத்து மாதம், போன மாதத்தைவிட இறங்கியிருக்கிறது. நான் கொடுத்த பால்மா எங்கே? "முடிஞ்சிருச்சுங்க மிஸ்ஸி." முகம் பார்த்துச் சொல்லவில்லை. ராசாத்தி தேயிலைக் கொழுந்தெடுப்பதில் தோட்டத்திலேயே கெட்டிக்காரி. வீட்டில் பானை காலி.

பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் மாரியாயி காதோடு சொன்னாள்: "அவ புருசன் முத்தையா சனிக்கெழம தவறாம ஹல்துமுல்லை டவுனுக்குப் போறான் மிஸ்ஸி. குதிர ரேஸுக்குக் காசு கட்டுற புக்கி கட வாசல்லதான் நிப்பான். எங்க வீட்டுக்காரரு கண்ணால பாத்தாரு."

சீமையில் குதிரை ஓடுகிறது, இங்கே பிள்ளை வயிறு காய்கிறது. பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

மண்ணெண்ணெய் வாங்க மறந்தாயிற்று.

ஜூலை 5, திங்கள்
தோட்டத்துத் துரையை ஆபீஸில் பார்த்தேன். இந்தத் தோட்டத்தில் பெண்சாதி சம்பளத்தையும் புருசன்தான் போய் வாங்குவது. பேர் அவளுடையது, நீட்டுகிற கை அவனுடையது. ராசாத்தி சம்பளத்தை அவளிடமே கொடுங்கள் என்றேன். துரை பெரிய கிளாக்கரைப் பார்த்தார். பெரிய கிளாக்கர் கூரையைப் பார்த்தார். கடைசியில் சரி.

ராசாத்தியிடம் சொன்னேன். அழுதுவிட்டாள். "வேணாங்க மிஸ்ஸி. அவரே வாங்கட்டும்." பாவம், அடிப்பான் என்று பயம். நான் இருக்கிறேன் என்றேன். எனக்கும் கண் கலங்கியது.

டோபிக்கு சேலை 2.

ஜூலை 10, சனி
சம்பளம். ஆபீஸ் வாசலில் முத்தையா வழக்கம்போல வரிசையில். பேர் கூப்பிட்டதும் ராசாத்தியை நானே முன்னால் தள்ளினேன். அவன் என்னைக் கும்பிட்டான்.

"மிஸ்ஸி, ஒங்க காலுல விழுறேன். அவ கையில குடுக்க வேணாம்."

"ஏன், குதிரைக்குப் புல்லு வாங்கணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஏதோ சொல்ல வாயெடுத்தான், சனத்தைப் பார்த்தான், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போய்விட்டான். நல்லா வேணும்.

ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பாடு.

ஜூலை 11, ஞாயிறு
விடிந்ததும் வாசலில் முத்தையா. இடுப்பில் செல்வி.

"சந்தைக்குப் போறேன்னு போனா மிஸ்ஸி. பொழுதுசாய வெறுங்கையோட வந்தா. பூராவும் ரேஸுல கட்டிட்டா."

யார்? எனக்கு ஏறவே கொஞ்ச நேரம் பிடித்தது.

ரேஸ் பைத்தியம் அவளுக்குத்தான். தீபாவளியப்போ யாரோ சொல்லிக் கட்டி, ஒரு தடவை பணம் விழுந்திருக்கிறது. அதிலிருந்து. பால்மாவை விற்றதும் அவள். சனிக்கிழமை இவன் புக்கி வாசலில் நிற்பது, அவள் வந்தால் மறித்துக் கூட்டிக்கொண்டு போக. சம்பளம் இவன் கையில் இருந்ததால்தான் பாதி நாளாவது உலை கொதித்தது.

"நேத்து மட்டும் போகல மிஸ்ஸி. வெக்கமாப் போச்சு."

ஆபீஸ் வாசலிலேயே சொல்லியிருக்கலாமே என்றேன்.

"அத்தன பேருக்கு முன்னுக்கா? என்னய சூதாடின்னா சிரிப்பாங்க, போயிருவாங்க. அவளச் சொன்னா லயத்துல வாழ விடுவாங்களா?"

சிரிக்க வைத்தது நான்.

ஜூலை 12, திங்கள்
லயத்துக்குப் போனேன். அடுப்பு பற்றவைக்காமல் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அறையலாம் போல இருந்தது. கட்டிப்பிடித்து அழலாம் போலவும்.

"நான்தான் வேணாம்னேனே மிஸ்ஸி."

ஆமாம், சொன்னாள். நான் எனக்குத் தோன்றியபடி எடுத்துக்கொண்டேன்.

"கையில காசிருந்தா காலு தன்னால போகுதுங்க. பதுள பெரியாஸ்பத்திரில இதுக்கு மருந்து இருக்கா? ஊசின்னாலும் போட்டுக்கிறேன்."

பூச்சிக்கு, சொறிக்கு, ரத்தமில்லாததற்கு மருந்து உண்டு. இதற்கு யாரைப் போய்க் கேட்பது? டாக்டர் சிரிப்பார். விசாரிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பொய்.

ஜூலை 14, புதன்
காற்று குறையவில்லை. செல்விக்கு வயிற்றோட்டம். என் பங்குப் பால்மாவை முத்தையா கையில் கொடுத்தேன்.

வழியில் மாரியாயி என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எதற்கென்று தெரியவில்லை. ஆபீஸ் போனதும் தெரிந்தது. இனி எல்லாப் பெண்களுக்கும் அவரவர் கையிலேயே சம்பளமாம். துரை உத்தரவு.

ராசாத்திக்கு மட்டும் பழையபடி புருசனிடமே கொடுங்கள் என்றேன். பெரிய கிளாக்கர் காரணம் கேட்டார். வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

"என்ன மிஸ்ஸி, வெளையாடுறீங்களா? அவளுக்காகத்தான இத்தனையும்?"

அடுத்த சம்பளம் ஆகஸ்ட் பத்தாந் திகதி.