விக்கல் தீர்த்த கொற்றியின் வருகை குறித்துக் குறுமலை நாட்டுக்கு விடுத்த ஓலை

மழை தவறாக் குறுமலை நாட்டின் ஆட்சித் தலைவர், நடுநிலை பிறழாதவர், செந்தாழை அரியணையின் வலக்கரம் எனப் போற்றப்படும் மாசேந்தனாருக்கு, செந்தாழை நாட்டு வேந்தர் இளஞ்சாத்தனாரின் ஆணைப்படி அமைச்சர் கண்ணந்தை எழுதி விடுக்கும் ஓலை. தங்கள் மலையின் சுனைகள் வற்றாதிருக்க. தங்கள் வாயிலில் நல்ல செய்தியே முதலில் வந்து நிற்க. அடுப்பெரியும் வீடுகள் தங்கள் நாட்டில் ஆண்டுதோறும் பெருகுக.

முதலில் வெற்றியைச் சொல்லிவிடுவதே முறை. இணைக்கல்லின் முன் நம் வேந்தர் உறுதிமொழி உரைத்தார். எல்லைப்புற ஏழூர்களும் நம்முடையவை. இன்னும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு அவற்றின் மீது யாரும் கண் வைக்க முடியாது. அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதைத் தாங்கள் அறிய வேண்டும். ஏனெனில் அதை நிகழ்த்தியவள் இப்போது தங்கள் நாட்டை நோக்கி நடந்து வந்துகொண்டிருக்கிறாள்.

நமக்கும் உப்பங்கரை நாட்டுக்கும் இடையே எல்லைப் போர் ஓய்ந்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. இரு தரப்பிலும் பிணம் தூக்க ஆளில்லாமல் போன ஒரு கோடையில் முன்னோர்கள் வாளைக் கீழே வைத்துவிட்டு இவ்வழக்கத்தை ஏற்படுத்தினார்கள் என்பது தாங்கள் அறிந்ததே. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நம் வேந்தர் எல்லையில் நிற்கும் இணைக்கல்லின் மீது கை வைத்து, எரியும் விளக்கின் முன், ஏழூர்களின் பெயரையும் மூன்று ஓடைகளின் பெயரையும் காக்கும் உறுதியையும் நாற்பத்தொரு சொற்களில் ஒரே மூச்சில் உரைக்க வேண்டும். குரல் நடுவில் அறுந்தால் அவ்வூர்கள் அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளுக்கு உப்பங்கரைக்குப் போகும். அங்குள்ளோர் ஆண்டுக்கு நான்கு மாதம் உப்பளத்தில் ஊழியம் செய்ய வேண்டும். இதுவரை எந்த வேந்தரின் குரலும் அறுந்ததில்லை. ஆகவே இம்முறையும் ஒருவரும் கவலைப்படவில்லை.

வேந்தர் எல்லைக்குப் புறப்பட்ட இரண்டாம் நாள், குதிரை மீதிருந்தபடியே ஒரு பிடி அவலை அவசரமாக மென்று விழுங்கினார். அங்கே தொடங்கியது விக்கல்.

முதல் நாள் எல்லோரும் சிரித்தார்கள், வேந்தரும் சிரித்தார். இரண்டாம் நாள் யாரும் சிரிக்கவில்லை. தலைமை மருத்துவர் எயினந்தையார் மயிலிறகைச் சுட்டுத் தேனில் குழைத்துக் கொடுத்தார். நெய் கொடுத்தார். மூக்கில் வேர்ப்பொடி ஊதினார். அரை நாழிகை விக்கல் அடங்கும். பிறகு விட்ட இடத்தில் தொடங்கும். மூன்றாம் நாள் எல்லையில் கூடாரம் அடித்தபோது, பத்துச் சொற்களைக்கூடச் சேர்த்துச் சொல்ல வேந்தரால் இயலவில்லை. எதிர்ப்புறக் கூடாரத்தில் உப்பங்கரைப் பெருந்தூதர் மூவனாரின் ஆட்கள் ஏழூர்களுக்கான ஊழியப் பட்டியலை எழுதத் தொடங்கிவிட்டார்கள் என்று செய்தி வந்தது.

வேந்தரின் கூடாரத்துக்குப் பின்னால் அமர்ந்து, உறுதிமொழி விளக்கைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள் கொற்றி. அரண்மனை விளக்குகளைத் துலக்கும் பணியில் பதினோர் ஆண்டுகளாக இருப்பவள். ஏழூர்களில் ஒன்றான நாவலோடை அவள் பிறந்த ஊர். அவளுடைய அக்காளும் தம்பியும் இன்றும் அங்கேதான் உளுந்து விதைக்கிறார்கள். தம்பிக்குக் காலில் ஆறாப் புண் உண்டு. அந்தக் காலை உப்பளத்தில் நான்கு மாதம் ஊன்றினால் என்ன ஆகும் என்று எண்ணும்போதெல்லாம், அவள் கை பித்தளையை இன்னும் அழுத்தித் தேய்த்தது. கூடாரத் துணிக்கு அப்பாலிருந்து விக்கல் ஒலி கேட்டது. ஏழு முறை தேய்ப்பதற்குள் ஒரு விக்கல் என்று அவளையறியாமலே மனம் கணக்கிட்டது.

அவளுக்கு ஒரு வழி தெரியும். நாவலோடையில் விக்கல் எடுத்த எவரையும் அப்படித்தான் நிறுத்துவார்கள். அவளும் தன் மகளை எத்தனையோ முறை நிறுத்தியிருக்கிறாள். ஆனால் அதை வெளியே சொல்ல அவளால் முடியாது. அதற்குக் காரணம் இவ்வோலையை எழுதும் கண்ணந்தையேதான்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் தலைநகரில் ஒருவர், வீட்டில் யாரோ அடையாளம் தெரியாமல் அரைத்துக் கொடுத்த வேரை உண்டு இறந்தார். அந்தத் துயரில், மருத்துவர் அவையின் வேண்டுகோளை ஏற்று, இனி எந்த வீட்டிலும் எந்த மருந்தும் செய்யலாகாது, கொடுக்கலாகாது என்று கண்ணந்தை ஆணை எழுதினார். மீறுவோர் பணியிழந்து தலைநகரை விட்டு வெளியேற வேண்டும். ஆணையைக் காக்க ஆட்களும் அமர்த்தப்பட்டார்கள். அவர்கள் தெருத்தெருவாகச் சென்று அடுக்களைச் சாளரங்களில் முகர்ந்து பார்த்தார்கள். மக்கள் அவர்களுக்கு மூக்கர்கள் என்று பெயரிட்டார்கள். ஓமம் கொதிக்கும் வாசனை வந்த வீட்டில் வழக்கு. சுக்கு இடிக்கும் ஓசை கேட்ட வீட்டில் வழக்கு. சளி பிடித்த குழந்தைக்கு வெந்நீர் வைத்த ஒருத்தி, அது குளிக்கத்தான் என்று சத்தியம் செய்யவேண்டி வந்தது.

எனினும் கொற்றி அன்று பிற்பகல் தலைமை மருத்துவரிடம் சென்றாள். விளக்கின் திரி பற்றிக் கேட்பவள் போல நின்று, ஊர்ப்பக்கத்தில் விக்கலுக்கு வேறொரு வழி உண்டென்று மெல்லச் சொன்னாள். மூன்று நாட்களாக உறங்காத எயினந்தையார் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்மா, உன் வேலை பித்தளை. எங்க வேலை ராசா. ரெண்டையும் புளி போட்டுத் தேய்க்க முடியாது. போ."

அவள் போனாள். ஆனால் போகும்போது ஒன்று அவளுக்குத் தெளிவாயிற்று. மருத்துவர் கேட்டிருந்தாலும் பயனில்லை. அந்த மருந்தை முன்கூட்டிச் சொன்னால் அது பலிக்காது. வேந்தர் எதிர்பாராத நேரத்தில்தான் அதைக் கொடுக்க வேண்டும். முன்னதாகக் கொடுத்தால் விக்கல் திரும்பிவிடும். ஆகவே, இரு நாட்டாரும் கூடியிருக்க, வேந்தர் கல்லின் மீது கை வைக்கும் கணத்தில்தான் கொடுக்க வேண்டும். அந்தக் கணத்தில் அவரருகே நிற்கப்போவது விளக்கு ஏந்தும் அவள் ஒருத்தியே.

மறுநாள் காலை, சூரியன் பனையளவு ஏறியபோது, முரசு மும்முறை முழங்கியது. ஒருபுறம் நம் படையினர், மறுபுறம் உப்பங்கரையார். இடையே கல். ஏழூர் மக்களும் வயலிலிருந்து வந்து வரப்புகளில் நின்றார்கள். அவர்களுள் கோலூன்றி நின்ற தம்பியைக் கொற்றி கண்டாள். வேந்தர் விக்கியபடியே நடந்து வந்தார். முகம் வெளிறியிருந்தது, நடை தளரவில்லை. கல்லின் மீது கை வைத்தார். கொற்றி விளக்கை உயர்த்தினாள்.

பிறகு, எட்டு ஊருக்குக் கேட்கும் குரலில், அவள் கேட்டாள்.

"மகராசா, போன அறுவடைக்கு எங்க வீட்டு உறியில வெச்சிருந்த வெல்லத்தைத் திருடித் தின்னது நீங்கதானே?"

மாசேந்தனாரே, போர்க்களங்கள் பலவற்றின் வரலாற்றை எழுதியவர் கண்ணந்தை. அத்தகைய கேள்வியை அவர் எங்கும் கேட்டதில்லை. வேந்தரின் வாய் திறந்தது.

"நானா?" என்றார்.

அவ்வளவுதான். காவலரின் மூன்று வேல்முனைகள் கொற்றியின் கழுத்தைத் தொட்டன. அவள் அசையவில்லை, வேந்தரின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு முறை தேய்க்கும் நேரம் கடந்தது. பதினான்கு கடந்தது. விக்கல் வரவில்லை. தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்ட வேந்தரின் கண்கள் மெல்ல விரிந்தன.

ஆனால் உப்பங்கரைத் தரப்பிலிருந்து ஓர் இளம் அதிகாரி முன்னே பாய்ந்தான். திருட்டுப் பழி சுமத்தப்பட்டவர், அப்பழி தீரும்வரை இணைக்கல்லைத் தொடலாகாது என்பது பழைய விதி என்றும், பழி சுமத்தியவள் செந்தாழை நாட்டுக் குடியே என்றும், ஆகவே உறுதிமொழி இன்று நிகழாது என்றும், நாள் தவறினால் ஊர்கள் தங்களுக்கே என்றும் அவன் முழங்கினான். அவன் சொன்ன விதி உண்மையானது. கொற்றியின் முன்னிருந்த வழிகள் இரண்டே. பழி மெய்யென்றால் ஊர்கள் போகும். பொய்யென்றால், எதற்காக அந்தப் பொய் என்று சொல்லியாக வேண்டும். சொன்னால் ஆணையை மீறியவளாவாள்.

உறுதிமொழிக்குச் சான்றாக வந்திருந்த பெருந்தூதர் மூவனார் எழுந்தார். எழுபதைக் கடந்தவர், சிரித்து யாரும் பார்த்திராதவர். பழி மெய்யா என்று அவளிடம் கேட்டார்.

கொற்றி ஒருமுறை வரப்பைப் பார்த்தாள்.

"பொய்யுங்க ஐயா. மகராசா எங்க வீட்டுப் பக்கமே வந்ததில்ல. எங்க உறியில அன்னிக்கு வெல்லமும் இல்ல. விக்கல் நிக்கணும்னு சொன்னேன். இது எங்க வீட்டு மருந்து. ஆணையை மீறித்தான் குடுத்தேன், தெரிஞ்சுதான் குடுத்தேன்."

மூவனாரின் மீசை மெல்ல அசைந்தது. பின்பு அவர் சொன்னதை இரு நாட்டு எழுத்தரும் சொல் பிறழாமல் பதிந்திருக்கிறார்கள்.

"எங்க பக்கம் வெல்லம் இல்ல தாயி. கருவாடு."

தாம் சிறுவனாயிருந்தபோது விக்கல் எடுத்த நாளெல்லாம் கருவாடு திருடியவன் என்று தம் தாய் குற்றம் சாட்டியதாகவும், அதற்கு இன்றுவரை தம் மீது வழக்கு ஏதும் இல்லையென்றும், ஆகவே இது பழியன்று, மருந்தே என்றும் அவர் தீர்ப்புரைத்தார். இளம் அதிகாரி பின்வாங்கினான்.

நம் வேந்தர் மூச்சை உள்ளிழுத்தார். நாற்பத்தொரு சொற்களும் ஒன்றன்பின் ஒன்றாக, ஓடை நீர் போல வந்தன. ஒன்றும் தடுக்கவில்லை, ஒன்றும் அறுபடவில்லை. கடைசிச் சொல் முடிந்தபோது வரப்புகளில் எழுந்த குலவையில் எதிர்ப்பக்கக் குதிரைகள் மிரண்டு கட்டை அறுத்துக்கொண்டன. கொற்றியின் தம்பி கோலை வீசிவிட்டுச் சேற்றில் அமர்ந்து அழுததை அனைவரும் கண்டோம்.

அன்று மாலையே வேந்தர் அவை கூட்டினார். வெற்றிக்கு உதவியவள் ஆயினும், அவள் செய்த கணத்தில் ஆணை நடப்பில் இருந்தது; ஆகவே தண்டனை எழுத்துப் பிசகாமல் நிறைவேற வேண்டும் என்றார். அவை திகைத்தது. கொற்றி தலை குனிந்தாள். பணியிழக்க வேண்டும் என்று ஆணை சொல்வதால் விளக்குத் துலக்கும் பணியிலிருந்து அவளை நீக்குவதாகவும், தலைநகரை விட்டு வெளியேற வேண்டும் என்பதால் நாடெங்கும் சென்று வீடுதோறும் வழங்கும் கைம்மருந்துகளைத் திரட்டி வரும் குழுவின் தலைவியாக அவளை வெளியே அனுப்புவதாகவும் வேந்தர் அறிவித்தார். சிரிப்பை முதலில் தொடங்கியவர் எயினந்தையார். அந்தக் குழுவில் எழுத்தராகத் தம்மைச் சேர்க்கும்படி அவரே வேண்டிக்கொண்டார்.

பழைய ஆணையைக் கண்ணந்தை தம் கையாலேயே கிழித்தார். தலைநகர் திரும்பி அச்செய்தியை வீட்டில் சொன்னபோது, மூன்று ஆண்டுகளாக நாள்தோறும் அவர் குடித்த மோரில் வயிற்றுப் பொருமலுக்காக ஓமநீர் கலந்து வந்ததை அவர் மனைவியார் அமைதியாக ஒப்புக்கொண்டார். அமைச்சரின் வயிறு ஏன் இத்தனை நலமாக இருந்தது என்பது இவ்வாறு தெரியவந்தது.

ஆகவே வேந்தரின் ஆணை இது. சளிக்குச் சுக்கு கொதிக்க வைப்பதும், தொண்டை கரகரத்தால் உப்பும் மஞ்சளும் இட்ட வெந்நீரில் கொப்பளிப்பதும், அடுப்பில் கை சுட்டால் உடனே குளிர்ந்த நீரை ஊற்றுவதும், கலங்கிய நீர் தெளியப் பானையின் உட்புறம் தேற்றாங்கொட்டை தேய்ப்பதும், அரிசியில் வண்டு அண்டாமல் வேப்பிலை இடுவதும் இனி ஒவ்வொரு வீட்டின் உரிமை. அடையாளம் அறியா வேரை யாரும் யாருக்கும் கொடுக்கலாகாது. மூன்று நாள் தணியாத காய்ச்சலும், நச்சுக்கடியும், குழந்தையின் வலிப்பும் தாமதமின்றி மருத்துவரிடம் செல்லட்டும். வறியவரிடம் மருத்துவர் ஏதும் கேட்கலாகாது. தங்கள் நாட்டிலுள்ள மூக்கர்களை இன்றே வேறு பணிக்கு மாற்றுக. மோப்பத்தில் தேர்ந்தவர்கள் ஆதலால் நெற்களஞ்சியங்களில் ஈரம் பார்க்கப் பயன்படுவார்கள்.

கொற்றி வளர்பிறை ஏழாம் நாளில் தங்கள் வாயிலை அடைவாள். பல்லக்கு வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள், நடந்தே வருவாள். அவளுக்குப் பின்னால் ஓலைக்கட்டைச் சுமந்து வருபவர் அரண்மனைத் தலைமை மருத்துவர்; அவரைப் பணியாள் என்று எண்ணி யாரும் விரட்டிவிட வேண்டாம். அவள் எந்த வீட்டின் முன் நின்றாலும் கதவு திறக்கட்டும். அடுக்களையில் அவளுக்கும் அவருக்கும் மணை இடப்படட்டும். பெண்கள் சொல்வதை அவர் எழுதட்டும். எழுதியது சரியா என்று அவள் பார்க்கட்டும்.

இது ஏழூர் காத்த இளஞ்சாத்தனார் திருவாய் மலர்ந்த ஆணை. அமைச்சர் கண்ணந்தை எழுதி, தாழைமலர் முத்திரை இட்டு, ஓலைக்காவலர் கையில் கொடுத்தது. பெற்றவர் சந்தையில் உரக்கப் படிப்பிக்க. கேட்டவர் வீட்டுக்குப் போய் அடுப்பை மூட்டுக.